நான் எழுதிய மனைவிமார் கடிதங்கள்

1. பதினொரு புருஷன்மார்

நான் ஒரு காலத்தில் பதினொரு ஆண்களுக்கு மனைவியாக இருந்தேன். பயப்படாதீர்கள், எல்லாம் ஈமெயிலில்தான். அந்தப் பதினொரு பேரில் ஒருவரைக்கூட நான் நேரில் கண்டதில்லை. இதைச் சொன்னால் என் மருமக்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரு பெண்ணின் வாழ்க்கை என் விரலால் கவிழப் பார்த்த கதை இது. கம்பியூட்டர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்று எழுதி வைக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் கொட்டாஞ்சேனைக்காரி. கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தேன். அந்த ஏஜென்சியை மூடிவிட்டார்கள். வேலை தேடி அலைந்து, கடைசியில் வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேஷனில் சேர்ந்தேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கவும், ஃபக்ஸ் அனுப்பவும், போட்டோ கொப்பி அடிக்கவும் சனம் வந்து போகும் கடைகளுக்கு அப்போது அதுதான் பெயர். காலி வீதியில் பத்து அடிக்கு ஒன்று இருந்தது. எங்கள் கடையில் கண்ணாடி போட்ட இரண்டு கூண்டு, கூண்டுக்கு ஒரு டெலிபோன், வெளியே ஒரு பெஞ்ச். முதலாளி பரமண்ணை யாழ்ப்பாணத்தவர். பெரிய வண்டி வயிறு, பெரிய சத்தம், சின்ன விஷயத்துக்கும் கண் கலங்குகிற மனுஷன்.

அவர் ஒரு கம்பியூட்டர் வாங்கி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தார். "உமக்கு இது தெரியுமோ?" என்று கேட்டார். "தெரியும்" என்றேன். அண்டப்புளுகு. எனக்கு டைப்ரைட்டர்தான் தெரியும். முதல் நாள், ஒரு வரி அடித்து முடித்ததும் என் இடது கை பழக்கதோஷத்தில் டைப்ரைட்டர் வண்டியைத் தள்ளப் போய், மொனிட்டரில் ஓங்கி ஓர் அறை விட்டது. பக்கத்தில் இருந்த பிளேன் டீ என் மடியில் கொட்டியது. அடுத்த நாள் பரமண்ணை டீயை மட்டும் தூரத்தில் கொண்டுபோய் வைத்தார்.

ஈமெயில் அப்போதுதான் கடைகளுக்குள் வருகிறது. கடைக்கு ஒரே ஒரு முகவரி. வாடிக்கையாளர் எல்லாருக்கும் அதுதான். வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தால் நான் பிரிண்ட் எடுத்து, நாலாக மடித்து, ஸ்டேப்பிள் அடித்து, பெயர் எழுதி வைப்பேன். பதில் எழுத வேண்டுமென்றால் ஆள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும், நான் அடிப்பேன். கோல் எடுப்பதைவிட எவ்வளவோ மலிவு. ஒரு மாதத்திலேயே பெஞ்சில் இடமில்லை.

2. "மிச்சத்தை நீங்களே போடுங்கோ மிஸ்"

சண்டைக் காலம். வடக்கிலிருந்து வந்த சனம் வெள்ளவத்தை லொட்ஜுகளில், பொலிஸ் பதிவுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, விசாவுக்குக் காத்திருந்தது. எங்கள் கடைக்குப் பின் ஒழுங்கையில், அந்தக் குறுகிய சந்தில், ஒரு லொட்ஜ். அங்கே பாதிப் பேர் இளம் மனைவிமார். புருஷன் ஐரோப்பாவில் எங்கேயோ, இவர்கள் இங்கே.

ஒவ்வொருத்தியும் என் முன்னால் வந்து உட்கார்ந்தால் ஒரே பாட்டுத்தான்.

"நான் சுகம் எண்டு எழுதுங்கோ. அவர் சுகமோ எண்டு கேளுங்கோ. குளிருக்குத் தொப்பி போடச் சொல்லுங்கோ."

"சரி, பிறகு?"

பிறகு சத்தம் வராது. பின்னால் ஃபக்ஸுக்கு நிற்கிறவர், போட்டோ கொப்பிக்கு நிற்கிறவர், கோலுக்கு நிற்கிறவர் என்று நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, எந்தப் பெண் புருஷனுக்கு மனசில் உள்ளதைச் சொல்வாள்? குனிந்துகொண்டு, "மிச்சத்தை நீங்களே போடுங்கோ மிஸ். உங்களுக்குத் தெரியுந்தானே" என்பார்கள்.

எனக்கு என்ன தெரியும்? நான் கல்யாணமே கட்டாதவள். ஆனாலும் போட்டேன். ஆசையாகப் போட்டேன். அதுவும் ஆங்கிலத்தில். கம்பியூட்டரில் அப்போது எங்களிடம் தமிழ் எழுத்து இல்லை. வேறு கடைகளில் தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவார்கள். எனக்கு அது கண்ணில் காட்டக்கூடாது. கொன்வென்ட்டில் படித்த திமிர். "அங்கே யாராவது வாசித்துச் சொல்வார்கள்" என்று சொல்லிவிட்டு, அழகான ஆங்கிலத்தில் உருகி உருகி எழுதுவேன்.

ஒரு நாளைக்கு எத்தனை தரம் உருகுவது? கை வலித்தது. அதனால் மூன்று ஃபைல் செய்து வைத்தேன். 'வைஃப் வன்' புதிதாகக் கட்டியவர்களுக்கு. 'வைஃப் டூ' பிள்ளை உள்ளவர்களுக்கு. 'வைஃப் த்ரீ' புருஷன் கோபமாக இருந்தால். ஆள் சொல்கிற நாலு வரியை மேலே அடித்துவிட்டு, கீழே பொருத்தமான ஃபைலை எடுத்து ஒட்டுவேன். வைஃப் வன்னில், கடலலையைக் காணும்போதெல்லாம் அது உங்கள் குரலைக் கொண்டுவருகிறது என்று ஒரு வரி வரும். அந்தக் கடலலை என் சொந்தச் சரக்கு. எனக்கு அதில் பெருமை தாங்காது.

வதனி வைஃப் வன்காரி. பருத்தித்துறைப் பெண், என்னைவிட நாலு வயசு இளையவள். சரியான வாய்க்காரி. பெஞ்சில் உட்கார்ந்தால் கடையே சிரிக்கும். பரமண்ணையைப் பார்த்து, "அண்ணை, உங்கட வண்டி நேற்றையைவிட இண்டைக்கு முன்னுக்கு வந்திட்டுது" என்பாள். அவர் வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே போவார். அப்பேர்ப்பட்டவள் என் மேசைக்கு முன்னால் வந்தால் மட்டும் வாய் பூட்டுப் போட்ட மாதிரி.

அவளுக்கும் குகனுக்கும் சென்னையில் கல்யாணம் நடந்தது. பதினெட்டு நாள் சேர்ந்து இருந்தார்கள். அவர் திரும்பிப் போய்விட்டார், இவள் கொழும்புக்கு வந்து, அவர் ஸ்பொன்சர் செய்த விசாவுக்குக் காத்திருந்தாள். இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமை லொட்ஜ் டெலிபோனுக்கு அவர் எடுப்பார். பின்னால் பத்துப் பேர் நிற்க மூன்று நிமிஷம் கதை. மிச்சமெல்லாம் என் கடிதம்தான்.

3. தூதரகத்திலிருந்து வந்தது

ஒரு நாள் வதனி ஒரு நீளக் கவரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். எந்த நாட்டுத் தூதரகம் என்று சொல்ல மாட்டேன், அது முக்கியமில்லை.

"மிஸ், ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. எனக்கு இங்கிலீஸ் விளங்காது."

வாசித்தேன். விசா மறுப்பு. காரணம் மூன்றாவது பந்தியில் இருந்தது. இந்தத் திருமணம் உண்மையானது என்று எங்களுக்குத் திருப்தியில்லை. சமர்ப்பித்த கடிதங்களின் பகுதிகள் வேறு விண்ணப்பங்களிலும் சொல்லுக்குச் சொல் அப்படியே காணப்படுகின்றன. இவை மூன்றாம் ஆள் ஒருவரால் தயாரிக்கப்பட்டவை என்று கருதுகிறோம்.

கடலலை! என் கடலலை!

விசா ஃபைலுக்குக் கடிதங்களின் பிரதி வேண்டும் என்று லொட்ஜ் பெண்கள் எல்லாரும் கேட்பார்கள். நானே பிரிண்ட் எடுத்து, நானே கிளிப் போட்டு, 'குட் லக்' சொல்லி அனுப்பி வைத்தவள். அங்கே ஒரே மேசையில் ஒரே கடலலை எத்தனை தரம் அடித்ததோ.

"என்ன மிஸ் எழுதியிருக்கிறாங்கள்?"

"ஃபோர்மில ஏதோ பிழையாம்" என்றேன். "நாளைக்கு வடிவாப் பார்த்துச் சொல்றேன்."

பொய் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு நானே ஏசிக்கொண்டு போனேன். வீட்டில் அம்மா, "ஏன்டி, சோத்தை இப்படிப் பிசையுற, சாப்பிட மாட்டியா?" என்று கேட்டும் ஒரு வாய் இறங்கவில்லை. பதினெட்டு நாள் வாழ்ந்த பெண். கடிதத்தை விட்டால் வேறு சாட்சி இல்லை. அந்தச் சாட்சியை நான் கெடுத்துவிட்டேன். மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம் தந்திருந்தார்கள். அதிலும் மறுத்தால் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அகதியாகப் போன குகன் இங்கே காலடி வைக்க முடியாது. அதோடு கதை முடிந்தது.

அடுத்த நாள் காலை அவளைக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். வைஃப் வன், டூ, த்ரீ என்று பெயர் உட்பட. அழுதுகொண்டே சொன்னேன்.

வதனி அழவில்லை.

"அப்ப இந்த ரெண்டு வருசமும் அவர் கதைச்சது என்னோட இல்லை, உங்களோட."

"வதனி, நான் நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்குத்தான் மிஸ். ஆர் இல்லையெண்டது? ஆனா அவர் அங்க ஆரைக் கட்டினதா நினைச்சுக்கொண்டிருக்கிறார்? கடலலையையோ?"

அவள் போய்விட்டாள். இரண்டு நாள் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் வந்து, கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழும்புங்கோ மிஸ். அந்தப் பக்கம் நான் இருக்கப் போறன். எதை அமத்தினா என்ன வரும் எண்டதை மட்டும் சொல்லுங்கோ. மிச்சம் எனக்குத் தெரியும்."

4. ஐரோப்பா நித்திரை கொள்கிற நேரம்

பரமண்ணைக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி. கம்பியூட்டர் ஒன்று. அதற்கு நெட் எடுத்தால் ஒரு டெலிபோன் லைன் அடைபடும். அந்த லைனில் கோல் எடுக்க முடியாது.

"பிள்ளை, இதென்ன புதுக் கூத்து? ஒரு விரலால அடிச்சு அடிச்சு இவள் ஒரு கடிதம் முடிக்கிறதுக்குள்ள என்ர கடையை மூடவேண்டி வரும்!"

"முதலாளி, நான் செய்த பிழை. என் சம்பளத்தில வெட்டுங்க."

"சம்பளத்தில வெட்டுறதோ? கண்டறியாத கதை கதையாதையும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "காலமை ஏழில இருந்து ஒன்பது வரைக்கும் எடுங்கோ. அந்த நேரம் ஐரோப்பா நித்திரை. ஒருத்தரும் கோல் எடுக்க வராயினம்."

அப்படித்தான் எங்கள் காலை ஏழு மணி தொடங்கியது. வதனிக்குத் தனியாக ஓர் ஈமெயில் முகவரி திறந்தோம். இலவசமாகக் கிடைத்தது, திறக்கத்தான் முக்கால் மணித்தியாலம் போனது. அவள் தமிழைத்தான் அடித்தாள், ஆங்கில எழுத்தில். எனக்குப் பார்க்கவே அரியண்டமாக இருந்தது. "வதனி, கொஞ்சம் வடிவா..." என்று வாயெடுத்தேன். அவள் மொனிட்டரைப் பிடித்து மறுபக்கம் திருப்பிவிட்டாள்.

"பாக்கக்கூடாது மிஸ். வெளியில போய் இருங்கோ."

என் கடையில், என் மேசையிலிருந்து, என்னை வெளியே அனுப்பினாள்! நான் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே டொக்... டொக்... என்று ஒற்றை விரல் சத்தம். ஒன்றரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தது.

மற்றப் பத்துப் பேருக்கும் நான் சொல்ல வேண்டியிருந்தது. லொட்ஜுக்கே போய், சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்று சொன்னேன். வெட்கக்கேடு. ஒருத்தி என்னைக் கிழி கிழி என்று கிழித்தாள். வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரமே ஏழு மணிக்கு ஐந்து பேர் வந்து நின்றார்கள். பிறகு ஒன்பது பேர். வதனிதான் அவர்களுக்குப் பழக்கினாள், எனக்குப் பொறுமை போதாது. லொட்ஜில் சமைத்த செல்லம்மாகூட மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மனுஷி, தங்கச்சி குவைத்தில் வீட்டு வேலை. "எனக்கு இங்கிலீசு எழுத்து தெரியாதுங்களே" என்றார். வதனி இருபத்தாறு எழுத்தையும் அட்டையில் எழுதி, பக்கத்தில் தமிழ் ஒலியைப் போட்டுக் கொடுத்தாள். செல்லம்மா ஒன்றரை மாதத்தில், "தங்கச்சி, சம்பளத்த மாமா கையில குடுக்காத, பேங்குல போடு" என்று தானே அடித்து அனுப்பினார். அந்த மாமாவைப் பற்றி என்னிடம் சொல்லி எழுதுவிக்க அவரால் எப்படி முடியும்? அந்த மாமாவும் எங்கள் கடையில்தான் கோல் எடுக்கிறவர்.

ஒரு காலையில் ஒழுங்கையைச் சோதிக்க வந்த பொலிஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு கம்பியூட்டரைச் சுற்றி ஒன்பது பெண்கள்.

"மே மொகத?" என்றார், இது என்ன என்று.

"பந்தியக் மாத்தயா" என்றேன். வகுப்பு நடக்கிறது ஐயா.

அவர் அடையாள அட்டைகளைப் பார்த்தார், பதிவுத் துண்டுகளைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தன் மகளும் கம்பியூட்டர் வேண்டும் என்று வீட்டில் கரைச்சல் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

5. அந்தப் பக்கத்தில் இருந்த ஆள்

வதனியின் முதல் கடிதத்துக்குக் குகன் அனுப்பிய பதில் ஒரே வரி. யார் நீ, என் மனைவியின் பெயரில் எழுதுகிறாய் என்று கேட்டிருந்தார்.

வதனி சிரித்த சிரிப்பில் பரமண்ணை கூண்டிலிருந்து வெளியே ஓடி வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாருங்கள், இரண்டு வருடம் நான் எழுதியதில் அவள் சாயல் ஒரு துளிகூட இருக்கவில்லை. அசல் ஆள் எழுதியதும் போலி என்று நினைத்துவிட்டார்.

"பொறுங்கோ, நான் ஆரெண்டு காட்டுறன்" என்று சொல்லிவிட்டு டொக் டொக் என்று அடித்தாள். அதை மட்டும் எனக்குச் சொன்னாள். சென்னையில் ஹோட்டல் அறையில், குகன் இடுப்பில் சாரம் மட்டும் கட்டிக்கொண்டு பல்கனிக்குப் போய், கதவு தானாகப் பூட்டிக்கொள்ள, இவள் சந்தைக்குப் போய் வரும்வரை ஒரு மணித்தியாலம் தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அது உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அடுத்த நாள் பதில் நீளமாக வந்தது. அவரும் தமிழில், ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். வதனி வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். முகத்தில் ஒரு குறும்பு.

"மிஸ், ஒரு விசயம். அவருக்கும் இங்கிலீஸ் தெரியாதாம். இந்த ரெண்டு வருசமும் அவற்ற கடிதம் எழுதினது ரூம்மேட்டாம்."

"என்ன?"

"ஊரில வாத்தியாரா இருந்த மனுசனாம். நாலு பிள்ளையின்ர தேப்பன்."

எனக்கு முகம் சிவந்து போனது. பனி விழும் சத்தமில்லாத காலைகளில் உன் பெயரை மட்டும் உச்சரிக்கிறேன் என்று ஒரு கடிதம் வந்திருந்தது. வதனிக்குக் கொடுப்பதற்கு முன் அதை நான் இரண்டு தரம் வாசித்திருக்கிறேன். சரி, மூன்று தரம். ஆக, இரண்டு வருடமாக வெள்ளவத்தையிலிருந்து நானும், பனிநாட்டிலிருந்து நாலு பிள்ளைத் தகப்பனும் ஒருவருக்கொருவர் உருகிக்கொண்டிருந்திருக்கிறோம். கல்யாணம் கட்டிய இரண்டு பேரும் பக்கத்தில் நின்று முத்திரைக் காசு கொடுத்திருக்கிறார்கள்.

பரமண்ணைக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு, "பிள்ளை, வாத்தியாரிட்ட இருந்து ஏதும் வந்ததோ?" என்று கேட்டு என் உயிரை வாங்கினார்.

6. பதினான்காம் பக்கம்

அதன்பிறகு அவர்கள் கதைக்கத் தொடங்கினார்கள். குகன் ஹோட்டல் வேலை முடித்து அறைக்கு வரும்போது எங்களுக்குக் காலை ஏழு மணி. உடனுக்குடன் எழுதிக் கதைக்கிற சட் என்ற ஒன்று இருக்கிறது என்பதை வதனிதான் எனக்குக் காட்டினாள். டொக் டொக் சத்தம் படபடவென்று மாறியது. சிரிப்பாள், முறைப்பாள், திரையைப் பார்த்துக் கை நீட்டி ஏசுவாள்.

பிறகு ஒரு நாள் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் முகம் இறுகிப்போய் இருக்கிறாள்.

ஹோட்டலில் சூப்பர்வைசர் என்று சொல்லித்தான் குகன் வீட்டார் சம்பந்தம் பேசினார்கள். இப்போது அவரே எழுதியிருந்தார், கோப்பை கழுவுகிற வேலை என்று. நேருக்கு நேர் எழுதத் தொடங்கியதும் மறைக்க மனம் வரவில்லையாம்.

"கோப்பை கழுவுறது எனக்குப் பிரச்சினையில்லை மிஸ். ரெண்டு வருசம் மறைச்சதுதான் பிரச்சினை."

அவள் எழுதிய பதிலை நான் பார்க்கவில்லை. அதன்பிறகு பன்னிரண்டு நாள் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மேல்முறையீட்டுக்கு ஐந்து வாரம்தான் மிச்சம். நான் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாமல், "வதனி, ஒரு மன்னிப்பு எழுதிப் போடுங்க, நேரம் போகுது" என்றேன்.

"வைஃப் த்ரீயோ?" என்று கேட்டாள்.

பதின்மூன்றாம் நாள் அவர் எழுதினார். அதை வாசித்துவிட்டு அவள் முதல் தடவையாகக் கடையில் வைத்து அழுதாள். அழுதுகொண்டே அடித்தாள். ஒன்பது மணி தாண்டியது. கோலுக்கு ஆட்கள் வந்து நின்றார்கள். பரமண்ணை வாசலில் போய் நின்றுகொண்டு, "லைன் பழுது, லைன் பழுது" என்று அவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். போட்டிக் கடைக்கு!

மேல்முறையீட்டுக்காகத் தூதரகம் வதனியை நேர்முகத்துக்கு அழைத்திருந்தது, அதற்கு முந்திய வாரம் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்தோம். அறுபத்தெட்டுப் பக்கம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். பக்கங்களை அடுக்கும்போது பதினான்காம் பக்கம் என் கண்ணில் பட்டது. பொய்க்காரரோடு வாழ என்னால் ஏலாது, நான் ஊருக்குப் போகிறேன், நீங்கள் அங்கே கோப்பையைக் கட்டிக்கொண்டு இருங்கள் என்று அவள் எழுதியிருந்தாள். அந்தத் தாளை அடுக்கிலிருந்து உருவினேன்.

"இதை மட்டும் எடுத்திடுவோம் வதனி. இதைப் பார்த்தா அவங்க என்ன நினைப்பாங்க? பிரியப் போற ஆட்கள் என்டு எழுதி அனுப்பிடுவாங்க."

அவள் அந்தப் பக்கத்தை என் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்பச் செருகினாள்.

"மிஸ், நீங்கள் திரும்பவும் என்னை வைஃப் வன் ஆக்கப் பாக்கிறியள்."

சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது முழுதும் சரி. இவ்வளவு பட்டும் என் கை சும்மா இருக்கவில்லை, பாருங்கள்.

7. நேர்முகம்

அங்கே நடந்ததை வதனி கடைக்கு வந்து நடித்துக் காட்டினாள். அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண், பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். முதல் பக்கங்களைச் சும்மா புரட்டினாராம். பதினான்காம் பக்கத்தில் நின்றுவிட்டாராம். வாசித்து முடித்துத் தலையைத் தூக்கி, "இன்னும் கோபமா?" என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று நான் கேட்டேன்.

"ஓம் எண்டன். கோபந்தான். ஆனா அந்தக் கோபத்தை இஞ்ச இருந்து காட்ட ஏலாது, அங்க போய்த்தான் காட்டோணும் எண்டன்."

மொழிபெயர்ப்பாளருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். அதிகாரி சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டு, தொடர்புக்கு நம்பர் கேட்டார். வதனி எங்கள் கடை நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தாள். அதன்பிறகு நாங்கள் மூன்று பேரும் டெலிபோனைப் பார்த்துக்கொண்டே மூன்று வாரம் இருந்தோம். ஒவ்வொரு மணிக்கும் பரமண்ணை பாய்ந்து விழுந்து எடுப்பார். "ஓ, நீரோ" என்று சொல்லி வைப்பார். வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

அந்தக் கோல் வந்தபோது அவர் சாப்பிடப் போயிருந்தார். நான்தான் எடுத்தேன். பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், விசா தயார் என்றார்கள். கூண்டில் ஒருவர் கதைத்துக்கொண்டிருக்க, கல்லாப்பெட்டி திறந்து கிடக்க, நான் கடையை அப்படியே விட்டுவிட்டு ஒழுங்கைக்குள் ஓடினேன். ஒரு செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டது.

வதனி குசினியில் செல்லம்மாவோடு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கத்தியை வைத்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. தலையை மட்டும் ஆட்டினேன். செல்லம்மா, "அடி ஆத்தா!" என்று கத்தி அவளைக் கட்டிப்பிடித்தார். லொட்ஜில் இருந்த அத்தனை பேரும் ஓடி வந்துவிட்டார்கள்.

"கோல் போட்டுத் தாறேன், வாங்க" என்றேன். "காசு வேணாம். நான் போட்டுத் தாறேன்."

"வேண்டாம் மிஸ். அவர் இப்ப நித்திரை. நான் எழுதுறன். எழும்பி வாசிக்கட்டும்."

கடைக்கு வந்து கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். வெங்காயக் கையைப் பாவாடையில் துடைத்தாள். நான் சொல்லாமலே வெளியே போய், வாசலில், வீதியைப் பார்த்தபடி நின்றேன். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. நான் வாய்விட்டு அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன.

அதன்பிறகு பரமண்ணை ஒரு கூண்டை இடித்துவிட்டு மூன்று கம்பியூட்டர் வைத்தார். கடிதம் எழுதிக் கொடுக்கிற என் வேலை ஒரு வருடத்துக்குள் இல்லாமல் போனது. அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சனம் தன் வாயால் தானே கதைக்கத் தொடங்கினால், நடுவில் நிற்கிற எங்களைப் போன்றவர்கள் நகர்ந்துகொள்ள வேண்டும். எத்தனையோ மெஷின் படித்தேன், எத்தனையோ பேருக்கு வேலை பழக்கினேன். தொழிலில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

விசாச் செய்தி வந்த அன்று வதனி கொஞ்ச நேரம்தான் அடித்தாள். இரண்டு நிமிஷம் இருக்கும். எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். என் தோளில் கையைப் போட்டாள். என்ன எழுதினீங்க என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. குகனுக்கு நான் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களில் ஒவ்வொரு சொல்லும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். அவள் எழுதிய அந்த ஒன்றில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.